தேன்கூடும் கரையான் புற்றும் கற்றுத்தரும் குளிர்ச்சிப் பாடம்

புது தில்லி: மே மாதம் பிறந்துவிட்டால் தலைநகர் தில்லியின் சாலையோரங்களில் இருவேறு காட்சிகளை ஒருசேரக் காணலாம். வேப்பமர நிழலில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்ட மண்பானைகளும் நீண்ட கழுத்துடைய சுராஹிகளும் விற்பனைக்குக் காத்திருக்கும். அவற்றுக்கு எதிரே, பலமாடிக் கட்டடங்களின் சுவர்களில் பொருத்தப்பட்ட ஏ.சி. பெட்டிகள் சூடான காற்றைத் தெருவை நோக்கி ஊதிக்கொண்டிருக்கும்.

இரண்டும் செய்வது குளிரூட்டும் வேலையைத்தான். ஆனால், ஏ.சி. இயந்திரம் அறைக்குள் இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் வெளியே தள்ளுகிறது. அறைக்குள் இருப்பவருக்குக் கிடைக்கும் சுகத்தின் விலையை, தெருவில் நடப்பவரும் சேர்ந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. மண்பானையோ தன் நுண்துளைகள் வழியே கசியும் நீரை ஆவியாக்கி, அதன்மூலம் உள்ளே இருக்கும் நீரைக் குளிர்விக்கிறது. மனித உடல் வியர்வையால் தன்னைக் காத்துக்கொள்வதும் இதே முறையில்தான்.

2024 ஜூன் 19-ம் தேதி தில்லியின் உச்ச மின்தேவை 8,656 மெகாவாட்டை எட்டியது. தலைநகரின் வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு மின்சாரம் ஒரே நேரத்தில் தேவைப்பட்டதில்லை. கோடையில் இத்தேவை உயர்வதற்குக் குளிர்சாதனங்களே முதன்மைக் காரணம். இந்நிலையில், "இயற்கை தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முறைகளை நாம் ஏன் பின்பற்றக் கூடாது?" என்ற கேள்வி கட்டடக் கலைஞர்களிடமும் பொறியாளர்களிடமும் வலுப்பெற்று வருகிறது.

உயிரினங்களின் உடலமைப்பு, அவை இயங்கும் முறை, அவை கூடிவாழும் சூழல் ஆகியவற்றை ஆராய்ந்து, அவற்றின் அடிப்படையில் பொருள்களை வடிவமைக்கும் துறையை ஆங்கிலத்தில் 'பயோமிமிக்ரி' என்கின்றனர். இயற்கையைப் பின்பற்றும் வடிவமைப்பு என்று தமிழில் கூறலாம். அமெரிக்க எழுத்தாளர் ஜனீன் பென்யஸ் 1997-ல் இப்பெயரிலேயே எழுதிய நூலுக்குப் பிறகு இச்சொல் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. ஆனால், செயல் பழையது. நாய் மீது ஒட்டிக்கொண்ட முட்காய்களைப் பார்த்து சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 'வெல்க்ரோ' ஒட்டுப்பட்டையை உருவாக்கத் தொடங்கியது 1940-களிலேயே.

தேன்கூடு தந்த யோசனை: தில்லியை ஒட்டியுள்ள நொய்டாவில் மின்தேக்கிகளைத் தயாரிக்கும் தேக்கி எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஒரு சிக்கல் இருந்தது. ஆலையின் டீசல் ஜெனரேட்டர் வெளியேற்றிய அனல் காற்று, கட்டடங்களுக்கு நடுவே தொழிலாளர்கள் நடமாடும் இடத்தில் தேங்கியது. அதற்குத் தீர்வு காணும் பொறுப்பு, கட்டடக் கலைஞர் மோனிஷ் சிரிபுரபு நிறுவிய 'ஆன்ட் ஸ்டூடியோ' என்ற அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

மேலும் ஒரு மின்கருவியை வைத்து வெப்பத்தைத் தணிப்பதற்குப் பதிலாக, அவ்வமைப்பினர் குயவர்களை நாடினர். கையால் வனையப்பட்ட சுடுமண் குழாய்கள் நூற்றுக்கணக்கில் வரவழைக்கப்பட்டு, வட்டமான இரும்புச் சட்டகத்துக்குள் தேனடையின் அறைகளைப் போல நெருக்கமாக அடுக்கப்பட்டன. மேலிருந்து வழியவிடப்படும் நீர், சுடுமண்ணை நனைத்துக் கீழே உள்ள தொட்டியில் சேருகிறது. அதே நீர் மீண்டும் மேலேற்றப்படுகிறது. அனல் காற்று ஈரக் குழாய்களின் வழியே புகுந்து மறுபுறம் வரும்போது வெப்பத்தை இழந்துவிடுகிறது.

வடிவமைப்பாளர்கள் வெளியிட்ட அளவீடுகளின்படி, வெளியே 42 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவிய வேளையில், 50 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டுடன் உள்ளே நுழைந்த காற்று, அமைப்பைக் கடந்தபின் 36 டிகிரியாகக் குறைந்தது. காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டரிலிருந்து 4 மீட்டராகத் தணிந்தது. நீரை மேலேற்றும் சிறு பம்புக்கு மட்டுமே மின்சாரம் தேவைப்பட்டது. 'கூல்ஆன்ட்' என்று பெயரிடப்பட்ட இம்முயற்சி பின்னர் பல நாடுகளின் கட்டடக்கலை இதழ்களிலும் இடம்பெற்றது.

இதில் தேனீயின் பங்கு என்ன, குயவரின் பங்கு என்ன என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. ஆவியாதலால் குளிர்விக்கும் உத்தி தேனீயிடமிருந்து கற்றதன்று. இந்நாட்டுக் குயவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தது. தேன்கூடு கற்றுத்தந்தது அடுக்கும் முறையை. குறைந்த பொருளைக்கொண்டு நிறைய அறைகளை இடைவெளியின்றி அமைப்பதற்கு அறுகோண அடுக்கே ஏற்றது என்பது நெடுங்காலமாக நம்பப்பட்டுவந்த ஒன்று. அதனை 1999-ல்தான் அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் முறைப்படி நிறுவினார். அதே முறையில் குழாய்களை அடுக்கும்போது, சிறிய இடத்தில் மிகுதியான ஈரப்பரப்பு காற்றுக்குக் கிடைக்கிறது. நொய்டா அமைப்பின் பலம் இதுவே.

ஒரு லிட்டர் நீரின் கணக்கு: ஆவியாதலின் ஆற்றலைப் பலர் குறைத்து மதிப்பிடுகின்றனர். கோடை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச்செல்கிறது. மின் அலகில் சொன்னால் இது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யூனிட். வீடுகளில் பயன்படும் ஒன்றரை டன் ஏ.சி. ஒருமணி நேரத்தில் அகற்றும் வெப்பத்தை, சுமார் 8 லிட்டர் நீரை ஆவியாக்கியே அகற்றிவிட முடியும்.

அப்படியானால் ஏ.சி. எதற்கு என்ற வினா எழுவது இயல்பு. இதற்கான விடை காற்றின் ஈரப்பதத்தில் இருக்கிறது. தில்லியின் மே மாதக் காற்று வறண்டது. வெப்பம் 42 டிகிரியாகவும் ஈரப்பதம் 20 சதவீதமாகவும் இருக்கும் ஒரு பிற்பகலில், நீரை ஆவியாக்குவதன்மூலம் காற்றை ஏட்டளவில் 24 டிகிரி வரை குளிர்விக்கலாம். நடைமுறையில் அவ்வளவு இறங்காவிட்டாலும் வேறுபாடு பெரிது. ஜூலையில் பருவமழை வந்தபின் வெப்பம் 34 டிகிரியாகக் குறைந்தாலும் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டுவிடும். அப்போது எவ்வளவு நீரை ஊற்றினாலும் 30 டிகிரிக்குக் கீழே காற்றைக் கொண்டுவர முடியாது. ஈரம் கூடுவதால் புழுக்கமும் அதிகரிக்கும். மே, ஜூன் மாதங்களில் வெட்டிவேர்த் தட்டியும் ஏர் கூலரும் வைத்துச் சமாளிக்கும் தில்லிவாசிகள், ஜூலையில் அவற்றை நிறுத்திவிடுவதன் காரணம் இதுதான். சென்னை, மும்பை போன்ற கடலோர நகரங்களில் இம்முறை எடுபடாததற்கும் இதுவே காரணம்.

இயற்கையைப் பின்பற்றுவோர் முதலில் கற்கவேண்டிய பாடமும் இதில் அடங்கியிருக்கிறது. எந்த உயிரினத்தின் உத்தியும் அது வாழும் சூழலுக்கு உரியது. பாலைவன வண்டின் முறை சதுப்பு நிலத்துக்குப் பொருந்தாது.

பூகம்பத்தில் உடைந்த பானைகள்: குளிர்ச்சிக்காகச் சுடுமண்ணை நாடிய இன்னொரு முயற்சி குஜராத்தில் பிறந்தது. 2001 ஜனவரி 26-ல் நேர்ந்த பூகம்பத்தில் வாங்கானேர் என்ற ஊரைச் சேர்ந்த மண்பாண்டக் கலைஞர் மன்சுக்பாய் பிரஜாபதியின் பாண்டங்கள் பெருமளவில் உடைந்தன. உடைந்த பானையின் படத்தை வெளியிட்ட நாளிதழ் ஒன்று, அதனை ஏழையின் குளிர்பதனப்பெட்டி என்று வர்ணித்திருந்தது. அச்சொல் அவர் மனத்தில் தங்கியது. பல்வேறு மண் கலவைகளைச் சோதித்து, மின்சாரமே தேவைப்படாத சுடுமண் பெட்டி ஒன்றை அவர் உருவாக்கினார்.

'மிட்டிகூல்' எனப்படும் இப்பெட்டியின் மேல்தட்டில் நீர் ஊற்றப்படுகிறது. அது சுவர்கள் வழியே கசிந்து ஆவியாவதால், உள்ளே வைக்கப்படும் காய்கறிகள் சில நாள்கள் வாடாமல் இருக்கின்றன. பனிக்கட்டி கிடைக்காது, மருந்துகளை உரிய குளிரில் வைக்கவும் முடியாது. ஆனால், மின் இணைப்பு இல்லாத அல்லது மின்வெட்டு மிகுந்த சிற்றூரில் ஒரு குடும்பத்தின் காய்கறி வீணாகாமல் காப்பதற்கு இதுவே போதும். நம் தோல் செய்யும் வேலையை அந்தக் களிமண் சுவர் செய்கிறது.

கரையான் பற்றிய தவறான பாடம்: இத்துறையில் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுவது ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் 1996-ல் திறக்கப்பட்ட 'ஈஸ்ட்கேட்' வணிக வளாகம். கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ், கரையான் புற்றுகளைப் பார்த்து அதனை வடிவமைத்தார். இரவின் குளிர்ந்த காற்றைக் கட்டடத்தின் கனமான சுவர்களும் தளங்களும் உள்வாங்கி வைத்துக்கொள்கின்றன. பகலில் சூடாகும் காற்று புகைபோக்கிகள் வழியே மேலேறி வெளியேறுகிறது. வழக்கமான ஏ.சி. வசதி இல்லாமலேயே அக்கட்டடம் இயங்கிவருகிறது.

கட்டடம் வெற்றி பெற்றது உண்மை. ஆனால், அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட கரையான் பற்றிய கருத்து முழுமையாகச் சரியானதல்ல என்பது பின்னர் தெரியவந்தது. புற்று தன் உள்வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் புகைபோக்கி போன்றது என அக்காலத்தில் கருதப்பட்டது. ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் ஆகிய ஆய்வாளர்கள் 2008-ல் அதனை மறுத்தனர். புற்று குளிர்சாதனத்தைவிட நுரையீரலையே அதிகம் ஒத்திருக்கிறது. லட்சக்கணக்கான கரையான்கள் வெளியிடும் கரியமில வாயுவை அகற்றிப் புதுக் காற்றைக் கொண்டுவருவதே அதன் முதன்மை வேலை என்றனர் அவர்கள்.

இதற்கு வலுவூட்டிய ஆய்வு ஒன்றுக்கு இந்தியக் கரையானே உதவியது. நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் 'ஒடோன்டோடெர்மெஸ் ஒபீசஸ்' இனத்தின் புற்றுகளை ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எல். மகாதேவனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டனர். பகலில் புற்றின் மெல்லிய வெளிப்புற மடிப்புகள் நடுப்பகுதியைவிட விரைவாகச் சூடேறுகின்றன. அதனால் வெளிப்புறக் குழல்களில் காற்று மேலேறி, நடுவில் கீழிறங்குகிறது. இரவில் வெளிப்புறம் முதலில் குளிர்வதால் காற்றோட்டம் அப்படியே திசைமாறுகிறது. காற்று வீசாவிட்டாலும், பகலிரவு வெப்ப வேறுபாடு ஒன்றை மட்டுமே கொண்டு புற்று மூச்சுவிடுகிறது என்பது அந்த ஆய்வின் சாரம்.

வீட்டுத் தோட்டத்தில் புற்றைக் கண்டால் இடித்துத் தள்ளும் நமக்கு, ஆற்றல் செலவின்றிக் காற்றோட்டம் அமைக்கும் வித்தையை அதே புற்று கற்றுத்தருகிறது. இனிவரும் கட்டடங்களுக்கு இது புதிய பாடம். அரைகுறையாகப் புரிந்துகொண்ட இயற்கையும் சில வேளை நல்ல கட்டடத்தைத் தந்துவிடலாம். எனினும், ஒவ்வொரு முறையும் அவ்வாறு நேரும் என்று எதிர்பார்க்க இயலாது.

தாமரை வடிவமும் தாமரைத் தன்மையும்: தில்லிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் தவறாமல் செல்லும் இடங்களில் ஒன்று, 1986-ல் திறக்கப்பட்ட பஹாய் வழிபாட்டு இல்லமான தாமரைக் கோயில். 27 பளிங்கு இதழ்களுடன் எழுந்து நிற்கும் அதன் அழகை எவரும் மறுக்க முடியாது. ஆனால், பூவின் உருவத்தைக் கட்டடமாக்குவது வேறு. பூவும் இலையும் செய்யும் வேலையைக் கற்பது வேறு.

இந்த இரண்டாவது வேலையைச் செய்தவர் ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லோட். தாமரை இலையில் நீர் ஒட்டாது என்பது நமக்குப் புதிய செய்தியன்று. இந்திய மொழிகள் அனைத்திலும் அது உவமையாகியிருக்கிறது. பார்த்லோட் அதன் காரணத்தை நுண்ணோக்கியில் கண்டார். இலையின் மேற்பரப்பு வழவழப்பானதன்று. கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின் மீது மெழுகு இழைகளும் நிறைந்தது. நீர்த்துளி அம்மேடுகளின் நுனிகளில் மட்டுமே தங்கி, உருண்டோடும்போது தூசியையும் வாரிச்செல்கிறது. 1997-ல் வெளியான அவருடைய ஆய்வைத் தொடர்ந்து, 1999-ல் ஜெர்மனியில் 'லோட்டுசான்' என்ற வெளிச்சுவர் வண்ணப்பூச்சு விற்பனைக்கு வந்தது. மழை பெய்தால் சுவர் தானே கழுவிக்கொள்ளும். சோப்புக் கரைசலும் மீண்டும் மீண்டும் வண்ணம் பூசும் செலவும் குறையும்.

நமது தேசிய மலரின் இலையிலிருந்து கற்ற பாடம் வேறொரு நாட்டில் விற்பனைப் பொருளாயிற்று. உவமையாக மட்டும் வைத்திருந்த நாம், அதனை ஆய்வுப் பொருளாகப் பார்க்கத் தவறிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நிலைமை இப்போது மாறிவருகிறது. குவாஹாட்டி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், காற்றிலுள்ள ஈரத்தை நீராகச் சேகரிக்கும் வழவழப்பான பொருள் ஒன்றை உருவாக்கியிருப்பதாக 2021-ல் அறிவித்தனர். அதற்கு வழிகாட்டியவற்றில் ஒன்று குடுவைத் தாவரம். குடுவையின் விளிம்பில் ஈரம் படிந்ததும் பூச்சிகள் வழுக்கி உள்ளே விழுகின்றன. அந்த வழுக்கும் தன்மையைப் பின்பற்றிய பரப்பில், காற்றின் ஈரம் துளியாகி விரைவில் உருண்டு சேர்கிறது.

இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே குடுவைத் தாவர இனம் மேகாலயக் குன்றுகளைச் சேர்ந்த 'நெப்பந்திஸ் காசியானா'. அழியும் நிலையில் உள்ளதால், இதன் பன்னாட்டு வணிகம் கடுமையாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. சுரங்கங்களும் காடழிப்பும் அதன் வாழிடத்தைச் சுருக்கிவருகின்றன. உயிரினங்களை நூலகமாகக் கொள்ளும் துறைக்கு, ஒவ்வோர் இனத்தின் அழிவும் படிக்கப்படாமலேயே எரிந்துபோன நூலுக்கு ஒப்பாகும்.

லவாசா சொல்லும் எச்சரிக்கை: ஒரு பொருளையோ ஒரு கட்டடத்தையோ இயற்கையைப் பார்த்து அமைப்பது ஒருபுறமிருக்க, ஒரு நகரத்தையே அவ்வாறு அமைக்க முடியுமா? அம்முயற்சி நம் நாட்டில் நடந்தது. மகாராஷ்டிர மாநிலம் புணே அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையில் வரஸ்காவ் நீர்த்தேக்கத்தை ஒட்டித் திட்டமிடப்பட்ட லவாசா மலை நகரமே அது.

இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனம் முன்னின்று தொடங்கிய இத்திட்டத்துக்கு அமெரிக்காவின் எச்.ஓ.கே. நிறுவனம் வரைபடம் தீட்டியது. பென்யஸ் தொடர்புடைய வல்லுநர் குழுவும் அதில் பங்கேற்றது. அங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி சில மாதங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். மீதிக் காலம் வறட்சி. இத்தகைய நிலத்தில் முன்பிருந்த இலையுதிர் காடு மழைநீரை எவ்வாறு கையாண்டதோ, அவ்வாறே நகரமும் கையாள வேண்டும் என்பது நோக்கம்.

வெள்ளத்தைக் கூட்டின் வாயிலிலிருந்து திசைதிருப்பும் அறுவடை எறும்புகளைப் பார்த்து, நீரைப் பல சிறு வழிகளில் பிரித்தனுப்பும் வடிகால்கள் சிந்திக்கப்பட்டன. நீரை நுனியில் திரட்டிச் சொட்டவிடும் ஆலமர வகை இலையின் கூர்நுனியைப் பார்த்துக் கூரை ஓடுகள் பற்றிய யோசனை பிறந்தது. உலகின் பல மேடைகளில் லவாசா முன்மாதிரியாகக் காட்டப்பட்டது.

ஆனால், இலையின் நுனியைக் கவனித்த திட்டம், அந்த இலை வளரும் மலையின் நிலையால் சிக்கலுக்கு உள்ளானது. உரிய சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் பணிகள் நடைபெறுவதாகக் கூறி, 2010 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கட்டுமானம் நிறுத்தப்பட்டது. மலையைக் குடைந்தது, பழங்குடியினரின் நிலம் கைமாறியது ஆகியன குறித்துச் சமூக ஆர்வலர்கள் குற்றம்சாட்டினர். நிறுவனம் அவற்றை மறுத்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு, 2011 நவம்பரில் முதல்கட்டப் பணிக்கு நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கப்பட்டது. கடன்சுமை கூடியதால் 2018 ஆகஸ்டில் லவாசா நிறுவனம் திவால் தீர்வு நடைமுறைக்குள் சென்றது. எழும்பாத கட்டடங்களின் தூண்களும் கம்பிகளும் மழையில் நனைந்தபடி நின்றன. பணம் கட்டிவிட்டு வீட்டுக்காகக் காத்திருந்தவர்களும், நிலத்தை இழந்ததாக முறையிட்டவர்களும் நடுவழியில் விடப்பட்டனர்.

இயற்கையிடம் உருவத்தைக் கற்கலாம், செயல்முறையைக் கற்கலாம். அதைவிடக் கடினமானது, ஒரு காடு தன் எல்லைக்குள் தன் தேவையை அடக்கிக்கொள்ளும் அளவறிவைக் கற்பது. கூரை ஓட்டை இலைபோல வடிவமைத்துவிட்டதால் மட்டும், மலைச்சரிவில் எழும் நகரம் காடாகிவிடாது. எந்த இடத்தில் கட்டக்கூடாது என்பதையும் இயற்கையே சொல்கிறது. அதைக் கேட்பதும் இத்துறையின் பகுதியாக இருக்க வேண்டும்.

யாருக்குப் பயன்?: மீண்டும் தில்லிக்கு வருவோம். மேற்கு தில்லியின் உத்தம் நகரில் உள்ள குயவர் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மண்ணை நம்பி வாழ்கின்றன. ராஜஸ்தான், ஹரியானா மாநிலங்களிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் குடியேறியவர்கள் இவர்கள். கோடையில் பானையும், தீபாவளிக்கு அகல்விளக்குமே இவர்களது வருவாய். குளிர்பதனப்பெட்டி பரவப்பரவப் பானை விற்பனை சுருங்கியது.

இத்தகைய குடும்பங்களுக்கு வாக்குறுதிகள் புதியன அல்ல. 2004-ல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத், ரயில்களில் மண்குவளையில் தேநீர் வழங்கும் திட்டத்தை அறிவித்தபோது நாடெங்கும் குயவர்களிடையே நம்பிக்கை பிறந்தது. அத்திட்டம் நிலைபெறவில்லை. காகிதக் குவளைகளும் பிளாஸ்டிக் குவளைகளும் திரும்பவும் இடம்பிடித்தன. சுடுமண் குளிர்விப்பான்கள் விஷயத்திலும் ஒன்றிரண்டு காட்சிப் பொருள்களோடு முயற்சி நின்றுவிட்டால், இதே கதைதான் தொடரும்.

நொய்டா போன்ற அமைப்பு ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான குழாய்கள் தேவை. ஒரே அளவில், உரிய நுண்துளைகளுடன், உடையாத உறுதியுடன் அவை அமைய வேண்டும். சூளையின் சூடு கூடினால் மண் இறுகி நீர் கசியாது. குறைந்தால் நனைந்து உதிரும். இந்தப் பக்குவம் குயவரின் கையில் இருக்கிறது. அதனைத் தரஅளவாக மாற்றித் தருவது ஆய்வுக்கூடங்களின் கடமை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தில்லியின் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். ஆவியாகும்போது அது மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். அவ்வப்போது கழுவிச் சுத்தம் செய்யாவிட்டால் குளிர்ச்சி குறையும். தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் கொசு வளரும். ஏர் கூலர்களில் கொசுப்புழு காணப்பட்டால் மாநகராட்சி அபராதம் விதிப்பது தில்லிவாசிகள் அறிந்ததே. கோடையில் குடிநீருக்கே டேங்கர் லாரியின் பின்னால் ஓடும் பகுதிகளில், குளிர்ச்சிக்கு நீரைச் செலவிடுவது நியாயமா என்ற வினாவும் இருக்கிறது. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரையும் சேமித்த மழைநீரையும் ஆலைகளிலும் அலுவலக வளாகங்களிலும் பயன்படுத்துவதே இதற்கு ஏற்ற வழி.

அரசின் திட்டமும் தேவையும்: குளிரூட்டும் தேவை குறித்து நாடு தழுவிய செயல்திட்டம் ஒன்றை மத்திய அரசு 2019 மார்ச் மாதம் வெளியிட்டது. 2017-18-ல் இருந்ததைப்போல 2037-38-ல் நாட்டின் குளிரூட்டும் தேவை சுமார் எட்டு மடங்காகும் என அத்திட்டம் மதிப்பிட்டது. அத்தேவையை 20 முதல் 25 சதவீதம் வரையும், அதற்கான மின்சாரத்தை 25 முதல் 40 சதவீதம் வரையும் குறைப்பது இலக்கு. திட்டம் வெளியான காலத்தில் நாட்டின் குடும்பங்களில் ஏ.சி. வைத்திருந்தவை சுமார் 8 சதவீதமே.

இந்த ஒரு புள்ளிவிவரத்திலேயே சிக்கலின் ஆழம் தெரிகிறது. நூற்றில் 92 குடும்பங்கள் ஏ.சி. இல்லாமலேயே வெயிலைத் தாங்கின. வெப்ப அலையில் உயிருக்கே ஆபத்து நேரும் கட்டடத் தொழிலாளி, ரிக்ஷா ஓட்டுநர், தகரக் கூரையின் கீழ் வசிக்கும் தாய், குழந்தை ஆகியோருக்கு ஏ.சி. வேண்டாம் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அதேநேரத்தில், அனைவரும் ஏ.சி. வாங்கும்வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்வதும் முறையாகாது. பேருந்து நிறுத்தம், ரயில் நிலைய நடைமேடை, அரசுப் பள்ளி, மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் போன்ற பொது இடங்களில் சுடுமண் குளிர்விப்பான்களை அமைத்தால், வறண்ட கோடை நிலவும் வட மாநிலங்களில் பல லட்சம் பேருக்கு நிவாரணம் கிடைக்கும். குயவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலையும் கிடைக்கும்.

இன்னொரு கேள்விக்கும் விடை காண வேண்டியிருக்கிறது. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், உயிரியல் வளங்களையும் அவை சார்ந்த மரபறிவையும் பயன்படுத்துவோர் பலனைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் அதனைச் செயல்படுத்துகிறது. ஆனால், ஒரு செடியின் பாகம் எதையும் எடுக்காமல், அதன் அமைப்பை மட்டும் பார்த்துப் பொருள் தயாரித்து லாபம் ஈட்டும் ஒருவர், அச்செடியையும் அதன் காட்டையும் காத்துவரும் மக்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? மேகாலயக் குன்றிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் நாளை பிறக்கப்போகும் கண்டுபிடிப்புகளை எண்ணும்போது, இக்கேள்வியைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

தேனீயும் கரையானும் காப்புரிமை கேட்பதில்லை, கட்டணமும் கேட்பதில்லை. வாழ்வதற்கு இடம் மட்டுமே அவற்றுக்கு வேண்டும். பானை வனையும் கைகளுக்கோ தொடர்ந்து வேலை வேண்டும். இவ்விரண்டையும் உறுதிசெய்யும் பொறுப்பு அரசுக்கும், இப்பாடங்களால் பயனடையும் தொழில்துறைக்கும் உண்டு. அப்பொறுப்பு நிறைவேறினால், அடுத்துவரும் கோடைகளில் தில்லித் தெருக்களின் அனலைச் சற்றேனும் தணிக்கும் வழி, மரத்தடியில் அடுக்கப்பட்ட அந்த மண்பானைகளிலிருந்தே தொடங்கக்கூடும்.